மட்டாஞ்சேரியில் எண்ணப்படாத ஏழு சாக்குகள்

கேரள எல்லை வாளையாறைத் தாண்டினால் வெளிநாடு என்பது எங்கள் வீட்டுக் கணக்கு. பாஸ்போர்ட் கேட்க மாட்டார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். சோறு வேறு, பேச்சு வேறு, சாம்பார் என்ற பெயரில் வருவதும் வேறு. அதனால் கொச்சியில் மூன்று நாள் வேலை என்று முதலாளி சொன்னதும், துபாய்க்குப் புறப்படுகிறவள் மாதிரி இட்லிப்பொடி, எலுமிச்சை ஊறுகாய், சுக்குக் காப்பித்தூள் என்று மூட்டை கட்டினேன். சுக்கு குவிந்து கிடக்கிற ஊருக்குச் சுக்குத்தூள் எடுத்துக்கொண்டு போன ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன்.

கோவையில் நூற்பாலைகளுக்கு டேக் வைத்துக் கொடுக்கும் ஒரு சின்னக் கம்பெனியில் எனக்கு வேலை. டேக் என்பது தபால்தலை அளவில் ஒரு வில்லை. உள்ளே மெல்லிய கம்பிச் சுருளும் ஒரு சில்லும் இருக்கும், பேட்டரி கிடையாது. ரீடர் என்கிற பெட்டிக்குப் பக்கத்தில் போனால் அந்த வில்லை தன் நம்பரைச் சொல்லிவிடும். பஞ்சுப் பொதி எத்தனை வந்தது, எத்தனை போனது என்று ஆள் நின்று எண்ண வேண்டாம். இதையே பதினோரு வருடமாகச் சொல்லிச் சொல்லி விற்று, நானும் கொஞ்சம் நம்ப ஆரம்பித்திருந்தேன்.

கொச்சியில் ஜேக்கப் சார் என்று ஒரு பேராசிரியர். வருடாவருடம் பள்ளிப் பிள்ளைகளுக்கு ரோபோ போட்டி நடத்துகிறார். ரோபோ, தரையில் கிடக்கும் குட்டிச் சாக்குகளைத் தூக்கி மரத்தில் செய்த கப்பலுக்குள் போட வேண்டும். முந்தைய வருடம் மூன்று நடுவர்கள் மூன்று விதமாக எண்ணியிருக்கிறார்கள். அது போதாதென்று ஒரு அணி, வீட்டில் தைத்த சாக்கைச் சட்டைக்குள் ஒளித்து வந்து கப்பலில் போட்டிருக்கிறது. பெற்றோர்கள் மேடையேறிவிட்டார்களாம். போனில் "கள்ளச்சாக்கு" என்ற சொல் வந்தபோதெல்லாம் மனிதர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"கவலையை விடுங்கள். ஒவ்வொரு சாக்குக்குள்ளும் ஒரு டேக், கப்பலின் வாயைச் சுற்றி ஒரு ஆண்டெனா. விழுகிற சாக்கு தானே நம்பர் சொல்லும். சொல்லாத சாக்கு கள்ளச்சாக்கு" என்றேன். அவர் அதை அப்படியே போட்டி விதியாக எழுதிக்கொண்டார். கள்ளச்சாக்கு போட்ட அணி அந்த நிமிடமே வெளியே.

முதல் நாள் எர்ணாகுளம் படகுத்துறையில் பெண்களுக்குத் தனி வரிசை. எங்கள் ஊர் பஸ் நிலையத்தில் முழங்கையை ஆயுதமாக வைத்திருக்கும் எனக்கு இந்த மரியாதை கூச்சமாக இருந்தது. ரீடர் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, காயலையும் கப்பல்களையும் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டு போனேன். படகு ஒரு துறையில் நின்றது. எல்லாரும் இறங்கினார்கள், நானும் இறங்கினேன். பலகையில் மலையாளம், எனக்கு அது ஜிலேபி.

படகு போன பிறகுதான் அது துறைமுகத் தீவு என்று தெரிந்தது. வெள்ளைச் சட்டை போட்ட ஒருவரிடம், போட்டி நடக்கும் மட்டாஞ்சேரி எங்கே என்று கேட்டேன். தண்ணீருக்கு அந்தப் பக்கம் கை காட்டினார். "அடுத்த படகு முக்கால் மணி நேரம் கழித்து. நீந்தினால் சீக்கிரம் போகலாம், ஆனால் பெட்டி நனையும்" என்று மலையாளம் கலந்த தமிழில் சொல்லிவிட்டு, சிரிக்காமல் பேப்பர் படிக்கத் தொடங்கினார். இந்த ஊர் ஆட்கள் கிண்டல் செய்யும்போது முகத்தை அசைப்பதே இல்லை என்பதை மூன்று நாளும் பார்த்தேன்.

போட்டி நடந்த இடம், யூதர்கள் வாழ்ந்த ஜூ டவுன் தெருவில், பழம்பொருள் கடைகளுக்குப் பின்னால் இருந்த ஒரு குடோன். பாதியில் வியாபாரம், காலியாகக் கிடந்த மறு பாதியில் ரோபோ. முற்றத்தில் சுக்கு காய்ந்துகொண்டிருந்தது. ஆடுகள் வாசலில் படுத்து, வெளிநாட்டுப் பயணிகள் படமெடுப்பதற்குத் தோதாக முகத்தைத் திருப்பிக் கொடுத்தன. மூக்கில் ஏறிய காரத்தில் நான் பத்துத் தும்மல் தும்மினேன். என் சுக்குத்தூளைப் பெட்டியின் அடியில் தள்ளி மறைத்தேன்.

வேனில் நாற்பது குட்டிச் சாக்குகள் வந்திறங்கின. ஒவ்வொன்றும் ஒரு கிலோ அரிசிப்பை அளவு, உள்ளே மரத்தூள். ஒன்றை எடுக்கக் கையை நீட்டினேன்.

"தொடக்கூடாது" என்றது ஒரு குரல்.

தலையில் சிவப்புத் துண்டு கட்டிய பாலன் சேட்டன். சுமை தூக்கும் தொழிலாளர்களின் தலைவர். இந்தக் குடோன் வாசலில் வண்டியிலிருந்து இறங்கும் எந்தச் சாக்கும் அவருடைய ஆட்களின் தலையில்தான் ஏற வேண்டுமாம். எங்கள் பேச்சு, ஜேக்கப் சாரின் மொழிபெயர்ப்பில், இப்படிப் போனது.

"இது முந்நூறு கிராம்தான்."

"எடை கேட்கவில்லை. சாக்கா, இல்லையா?"

"சாக்குதான்."

"அப்போது தீர்ந்தது."

"நாளைக்கு ரோபோ தூக்குமே, அதற்கு என்ன செய்வீர்கள்?"

பாலன் சேட்டன் யோசித்தார். "தரையிலிருந்து கப்பலுக்குத் தூக்கினால் விளையாட்டு. வண்டியிலிருந்து தரைக்குத் தூக்கினால் வேலை" என்றார். நாலு பேர் வந்தார்கள். தலைத்துண்டைச் சுருட்டி வைத்து, ஆளுக்குப் பத்துச் சாக்காக, பூஜைக்குக் கொண்டுபோவது போல் சுமந்து போய்க் களத்தில் வரிசையாக அடுக்கினார்கள். எங்கள் ஊரில் இப்படி ஒருவர் மறித்து நின்றால் முதலாளி கேட்டைப் பூட்டிவிடுவார். இங்கே குடோன் முதலாளியே ஒதுங்கி நின்று வழிவிட்டார். எனக்கு எரிச்சலாக இருந்தது, ஆனால் அவர்கள் அடுக்கிய வரிசையில் ஒரு நூல் பிசகு இல்லை.

இரண்டாம் நாள் முதல் சுற்றுகள். என் வில்லைகள் ஒவ்வொன்றும் சமர்த்தாக நம்பர் சொன்னது. சாக்கு கப்பலில் விழ, திரையில் எண் கூட, கூட்டம் கைதட்டியது. நடுவர்களுக்கு வேலையே இல்லை, பழம்பொரி என்கிற வாழைப்பழ பஜ்ஜியைத் தின்றுகொண்டிருந்தார்கள். நானும் நாலு தின்றேன். மதியம் கப்பை என்கிற மரவள்ளிக்கிழங்கும் மீன்கறியும். கொட்டாங்குச்சி நிறத்தில் இருந்த அந்தக் குழம்பின் புளிப்புக்கு முன்னால் என் இட்லிப்பொடியை நினைத்தால் பாவமாக இருந்தது.

அன்றைக்கு ஒரு ஒயர் கழன்றபோது நான் கோவைத் தமிழில் முனகிய வார்த்தையைக் கேட்டு, பக்கத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். பத்தாம் வகுப்புப் பெண், பெயர் மஞ்சு. மட்டாஞ்சேரியில் ஒரு அரசுப் பள்ளியின் மூன்று பேர் அணிக்குத் தலைவி.

"மேடம் தமிழா? நாங்களும் வீட்ல தமிழ்தான். பறைய அறியும், வாசிக்க அறியாது."

அவளுடைய அப்பா ராசு, நகராட்சியில் துப்புரவுப் பணியாளர். அவருடைய தாத்தா காலத்தில் பொள்ளாச்சிப் பக்கமிருந்து அந்த வேலைக்கு வந்த குடும்பம். மத்தியானம் காக்கி உடுப்போடு வந்து வாசலிலேயே நின்றார். உள்ளே வந்து நாற்காலியில் உட்காரச் சொன்னேன்.

"வேணாம் மேடம், டூட்டி டிரஸ்சாக்கும். நாலு மாசமா எங்க வீட்ல மிக்ஸி இல்ல, கேட்டீங்களா? மோட்டரை இவ ஊரியெடுத்து ரோபோல வச்சிட்டா. இவ அம்மை அம்மில அரைக்கும்போதெல்லாம் என்னைத்தான் ஏசுறா."

குறை சொல்லும் வார்த்தைகள், ஆனால் முகம் முழுக்கப் பெருமை. மிக்ஸி மோட்டாரும் சைக்கிள் கம்பி விரல்களும் கொண்ட அந்த ரோபோ, கொடுக்கை விரித்துச் சாக்கைக் கவ்வுவதை அவர் கண் இமைக்காமல் பார்த்தார். இறுதிச் சுற்றுக்கு ஷிஃப்ட் மாற்றிக்கொண்டு வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

மூன்றாம் நாள் காலை, விதிப்படி, நாற்பது சாக்குகளையும் கை ரீடரால் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துத் தாளில் டிக் அடித்தேன். ஒவ்வொரு சுற்றுக்கும் முன்னால் இதைச் செய்ய வேண்டும். அரையிறுதி முடிந்தது. மஞ்சுவின் அணி ஜெயித்தது. இறுதிச் சுற்று மூன்று மணிக்கு, திருப்பூணித்துறைப் பள்ளி ஒன்றோடு.

இடையில் பிரியாணி. இதற்கு நான் யாரையும் குறை சொல்ல முடியாது. குண்டு அரிசியைத் திட்டிக்கொண்டு வந்தவளுக்குச் சின்ன அரிசியில், முந்திரி வறுத்துப்போட்டு, பேரீச்சம்பழ ஊறுகாயோடு ஒரு பிரியாணி கிடைத்தால் என்ன செய்வாள்? இரண்டு தட்டு. மேலே ஒரு சுலைமானி, பால் விடாத டீ. லாட்ஜில் ஐந்து நிமிடம் சாய்ந்தவள் விழித்தபோது மணி மூன்றாக ஐந்து நிமிடம்.

ஓடினேன். சாக்குகளைப் பாலன் சேட்டனின் ஆட்கள் அழகாக அடுக்கியிருந்தார்கள். மேடையில் ஏழு விருந்தினர்கள் உட்கார்ந்தாயிற்று. ஜேக்கப் சார் சோதனைத் தாளை நீட்டினார். காலையில் பேசிய வில்லை மத்தியானம் ஊமையாகிவிடுமா என்ன? நாற்பது கட்டத்திலும் ஒரே மூச்சில் டிக் அடித்துக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

ஆட்டம் மூன்று நிமிடம். மஞ்சு ரிமோட் பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு, உதட்டைக் கடித்து ஓட்டினாள். அவளுடைய ரோபோ நிதானமானது, ஆனால் எடுத்ததைக் கீழே போடாது. சாக்குகள் கப்பலில் விழுந்துகொண்டே இருந்தன. திரையில் அவளுடைய எண் மட்டும் நொண்டியது. விசில் ஊதியபோது திருப்பூணித்துறைக்கு ஒன்பது, மஞ்சுவுக்கு நான்கு.

"நாங்க பதினொண்ணு போட்டோம்" என்றாள்.

அவளுடைய கப்பலைத் திறந்தோம். பதினொன்று இருந்தது. கூட்டம் எழுந்து நின்றது. நான் கை ரீடரை எடுத்துக்கொண்டு போய் ஒவ்வொரு சாக்காகத் தொட்டேன். நான்கு சாக்குகள் நம்பர் சொல்லின. ஏழு சாக்குகள் வாயே திறக்கவில்லை. திருப்பிப் போட்டுத் தொட்டேன், அமுக்கித் தொட்டேன், ஒன்றுமில்லை. ஜேக்கப் சாரின் முகம் வெளுத்துவிட்டது. போன வருடம் ஞாபகம் வந்திருக்கும். மைக்கை என் கையில் கொடுத்து, நீங்களே சொல்லுங்கள் என்றார்.

"இந்த ஏழு சாக்கிலும் டேக் இல்லை. இவை நம்முடைய சாக்குகள் அல்ல" என்று மைக்கில் சொன்னேன். பதினோரு வருடமாக ஆலை முதலாளிகளிடம் பேசும் அதே உறுதியான குரலில்.

அதை யாரும் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. "கள்ளச்சாக்கு, கள்ளச்சாக்கு" என்று முணுமுணுப்பு பின் வரிசை வரை ஓடியது. பிறகு தலைகள் ஒவ்வொன்றாக வாசலைப் பார்த்துத் திரும்பின. அங்கே ராசு நின்றிருந்தார். அன்றைக்குக் காக்கி இல்லை, இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. அவர் மகளை ஒரு தடவை பார்த்தார், திரும்பி வெளியே போய்விட்டார்.

மஞ்சுவின் தோழிகள் அழத் தொடங்கினார்கள். அவள் அழவில்லை. என் பக்கத்தில் வந்து, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னாள்.

"மேடம், காலைல எல்லாச் சாக்கையும் தொட்டு நோக்கினீங்க. உச்சைக்கு அப்புறம் ஒண்ணைக்கூடத் தொடலை. நான் நோக்கிட்டு நின்னேன்."

என் கையெழுத்துப் போட்ட தாள் ஜேக்கப் சாரின் கையில் இருந்தது. அவர் அதைப் பார்த்துவிட்டு, "மேடம் செக் செய்திருக்கிறாரே, மோளே" என்றார். எவ்வளவு நேரம் உண்மையைச் சொல்லாமல் நின்றேன் என்று நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என்னைப் பிடிக்காமல் போகிறது. ஒரு பெண்ணைத் திருடி என்று ஊர் பார்த்துக்கொண்டிருக்கிறது, எனக்கோ கம்பெனி பெயர், முதலாளி முகம், இரண்டு தட்டுப் பிரியாணி எல்லாம் நினைவுக்கு வந்தன.

"பொளிச்சு நோக்குங்க" என்றாள் மஞ்சு. பிரித்துப் பாருங்கள் என்கிறாள். அதுவாவது செய்யலாமே என்று கத்தரிக்கோலை எடுத்தேன்.

"ஐயோ, அதை அறுக்காதீங்க மேடம், அது விருந்துக்காரங்களுக்கு உள்ளது" என்று ஓடி வந்தார் கதீஜாக்கா.

கதீஜாக்கா குடோனின் மறு பாதியில் ஏலக்காய் தரம் பிரிக்கிறவர், பாலக்காட்டுப் பக்கத்துத் தமிழ் முஸ்லிம் குடும்பம். அதுவரை என்னிடம் இரண்டு முறை சாயா வேண்டுமா என்று கேட்டதோடு சரி. நான் அதற்குள் ஒரு சாக்கின் வாயை வெட்டிவிட்டேன். குப்பென்று ஏலக்காய் வாசனை. மரத்தூள் இல்லை. உள்ளே பளபளவென்று அலுமினியத் தாள் பை, அதற்குள் ஏலக்காய்த் தோல், தோலுக்கு நடுவில் பத்திரமாக என் டேக். தாளைப் பிரித்து வெளியே எடுத்ததுதான் தாமதம், ரீடர் 'பீப்' என்றது.

"இதை யார் செய்தது?" என்றார் ஜேக்கப் சார்.

"நான்தான். பரிசு கொடுத்து முடிச்சப்புறம் மேடையில இருக்கிற ஏழு பேருக்கும் ஆளுக்கொரு சாக்கு ஓர்மைக்குக் கொடுப்பீங்கன்னு கேட்டேன். எல்லாரும் சோறு திங்கப் போனப்போ ஒண்ணைத் திறந்து நோக்கினேன், அறக்கப்பொடி, வெறும் மரத்தூள். மட்டாஞ்சேரிச் சாக்கைத் திறந்தா அறக்கப்பொடி இருந்தா மானக்கேடு யாருக்கு, சாருக்கா, எங்களுக்கா? அதான் கதவோரம் இருந்த ஏழு சாக்குல தோல் நிறைச்சு வச்சேன். மணம் போவாம இருக்க, வெளிநாட்டுக் கப்பலுக்குப் போற சாம்பிள் மாதிரி தாளும் வச்சேன்."

"அந்த வில்லை?"

"லாட் நம்பர் சீட்டுதானே அது? சீட்டு சரக்கோடதான் இருக்கணும். வெளியில விட்டா கணக்கு தெத்திப் போவும். அதான் தாளுக்கு உள்ளுல வச்சு மடக்கினேன்."

இதைவிட ஒழுங்கான வேலையை நான் எந்த ஆலையிலும் பார்த்ததில்லை. அலுமினியத் தாளுக்குள் போனால் டேக் எவ்வளவு கத்தினாலும் ரீடருக்குக் கேட்காது. கதவோரம் மஞ்சுவின் பக்கம். ஏழும் அவளுடைய கப்பலுக்கு அருகில் இருந்தவை. மூன்று மணிக்கு முன்னால் ஒரே ஒரு தடவை ரீடரோடு அந்த வரிசையில் நடந்திருந்தால் இத்தனையும் இல்லை.

அப்போதுதான் வாயைத் திறந்தேன். "சார், மத்தியானம் நான் செக் பண்ணவில்லை. பார்க்காமலே டிக் போட்டேன்" என்றேன். ஜேக்கப் சார் என்னைப் பார்த்த பார்வையை விவரிக்காமல் விடுகிறேன். மற்ற ஆறு சாக்குகளையும் பிரித்தார்கள், ஆறு வில்லையும் பேசின. திரையில் நான்கு பதினொன்றானது. கூட்டம் கைதட்டியது, திருப்பூணித்துறைப் பிள்ளைகளும் தட்டினார்கள். கதீஜாக்கா, சிந்திய தோலை அள்ளி, வேறு சாக்கு தரும்படி சண்டை போட்டுக்கொண்டிருந்தார்.

மஞ்சு மட்டும் அசையாமல் நின்றாள்.

"ஜெயிச்சிட்டீங்களே" என்றேன்.

"நீங்க மைக்கிலயில்லே சொன்னீங்க. இதையும் மைக்கில பறையணும். மலையாளத்துல பறையணும், எல்லாருக்கும் மனசிலாகணும்."

"எனக்கு மலையாளம் தெரியாதே, கண்ணு."

"நான் சொல்லித் தரேன்."

மைக்கை எடுத்தேன். அவள் என் காதருகில் துண்டு துண்டாகச் சொல்ல, நான் சொன்னேன். "குட்டிகள்... கள்ளம்... செய்திட்டில்ல. சாக்கு... நம்முடே சாக்கு தன்னே. தெத்து... என்டேதாணு." பிள்ளைகள் திருடவில்லை, சாக்கு நம்முடையதுதான், தப்பு என்னுடையது. என் உச்சரிப்புக்குக் குடோன் முழுக்கச் சிரித்தது. பாலன் சேட்டனின் ஆட்கள் துண்டை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தார்கள். எனக்கு முகமெல்லாம் சூடானது. மஞ்சு சிரிக்கவில்லை. அவளுடைய கண் வாசலிலேயே இருந்தது.

நான் மைக்கைக் கீழே வைக்கப் போனேன். அவள் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். வாசலில் பாலன் சேட்டன், வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவரின் தோளில் கை போட்டு உள்ளே அழைத்து வந்துகொண்டிருந்தார்.

"இன்னொரு தடவை, மேடம்" என்றாள். "அப்பா இப்பத்தான் வர்றாரு."

நான் முதலிலிருந்து சொன்னேன்.